பதிவுச் சான்று தண்ணீர் உரிமை ஆகாது: நேட்டால் கரையோர விவசாயிகள் கவனத்துக்கு

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையில், டர்பனுக்கு அருகே வெருலம் பக்கம் ஒரு காய்கறித் தோட்டம். கத்தரி, சுரை, கொத்தமல்லி, ஓரமாகக் கொஞ்சம் அமடும்பே (சேப்பங்கிழங்கு). அந்த வீட்டு ஆயா ஒரு பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த ஒரு தாளை என்னிடம் நீட்டினார். அவருடைய கணவர் பெயரில் அரசின் நீர்த்துறை கொடுத்த பதிவுச் சான்று. "இது கையில் இருக்கிறதே தம்பி, நமக்கு என்ன பயம்?" என்றார். அதே டின்னின் அடியில் அதே துறை அனுப்பிய இன்னொரு கடிதம் உறை கிழிக்கப்படாமல் கிடந்தது. இறந்துபோனவருக்கு வந்த கடிதம் என்று யாரும் பிரிக்கவில்லை. பிரித்துப் பார்த்தபோது, பதில் தர வேண்டிய நாள் கடந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

இதே நிலையை டோங்காட்டிலும் ஸ்டேஞ்சர் பக்கத்திலும் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1956-ம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆற்றை ஒட்டி நிலம் வைத்திருந்தவருக்கே ஆற்று நீர். ஆற்றோர நிலம் பெரும்பாலும் வெள்ளையர் கையில் இருந்தது என்பது நமக்குத் தெரியும். 1998-ல் வந்த தேசிய நீர்ச் சட்டம் அதை நீக்கி, ஆற்று நீரும் நிலத்தடி நீரும் மக்கள் சார்பில் அரசின் பொறுப்பில் இருக்கும் என்றது. இன்று பாசனத்துக்குத் தண்ணீர் எடுப்பவர் நான்கில் ஏதாவது ஒரு வழியில் அனுமதி உள்ளவராக இருக்க வேண்டும். முதலாவது, சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள சிறு உபயோகம். இரண்டாவது, குறிப்பிட்ட அளவு வரை தனி உரிமம் இல்லாமல் எடுக்கலாம் என்று அரசிதழில் வெளியான பொது அனுமதி. மூன்றாவது, புதிய சட்டத்துக்கு முன்பே சட்டப்படி நடந்துவந்த பழைய உபயோகம். நான்காவது, உரிமம். பதிவுச் சான்று இந்த நான்கிலும் இல்லை. நீங்கள் இவ்வளவு எடுப்பதாக நீங்களே சொன்னதைத் துறை எழுதி வைத்துக்கொண்டு, அதற்குக் கட்டணம் போட்டது; அவ்வளவுதான். அது சட்டபூர்வமான உரிமைக்கு அத்தாட்சி அல்ல என்று அந்தச் சான்றிலேயே எழுதியிருக்கிறது. இருபது ஆண்டுகளாகக் கட்டணம் கட்டிய ரசீதுகள் இருந்தாலும் இதே நிலைதான்.

முதல் அட்டவணையை நம்பி ஏமாறுபவர்கள் நிறைய. வீட்டுக்குத் தேவையான நீர், ஆடுமாடுகளுக்கான நீர், வீட்டுத் தோட்டத்துக்கான நீர், கூரையில் விழும் மழைநீரைச் சேமிப்பது ஆகியவற்றுக்கு எந்தத் தாளும் தேவையில்லை. ஆனால் தோட்டம் வணிகத்துக்கானதாக இருக்கக் கூடாது. நாலு கட்டு மேதிக் கீரையை டர்பன் வார்விக் அதிகாலைச் சந்தைக்கு வாரம்தோறும் அனுப்பினால் அது வணிகம். "சின்னத் தோட்டம்தானே" என்று கவுன்ட்டரில் இருப்பவர் வாய்மொழியாகச் சொல்வதை நம்பாதீர்கள். சொன்னவர் மாற்றலாகிப் போய்விடுவார். அவருடைய சொல்லுக்குச் சாட்சி இருக்காது.

ஆழ்துளைக் கிணறு பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. என் நிலத்தில் நான் போட்ட கிணறு, யார் கேட்பது என்பார்கள். பழைய சட்டத்தில் அது தனியார் நீர். 1998-க்குப் பிறகு அப்படி இல்லை. கிணற்று நீரும் அதே நான்கு வழிகளில் ஒன்றுக்குள் வர வேண்டும். 2016 செப்டம்பரில் வெளியான பொது அனுமதி ஒவ்வொரு வடிநிலத்துக்கும் (மழைநீர் ஓர் ஆற்றில் வடியும் நிலப்பகுதி) ஒரு ஹெக்டேருக்கு இவ்வளவு என்று அளவு வைத்திருக்கிறது. சில வடிநிலங்களில் அந்த அளவு பூஜ்யம். பக்கத்து ஆற்றுப் படுகையில் இருக்கும் மச்சானுக்குக் கிடைத்தது உங்களுக்கும் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். உங்கள் நிலம் எந்த வடிநிலத்தில் இருக்கிறது, அங்கே அளவு என்ன என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மழையை மட்டும் நம்பிக் கரும்பு போடுகிறவர்களுக்குத் தண்ணீர் எடுக்கும் உரிமம் தேவையில்லை. கரும்புக்கு நடுவே பம்பு வைத்தால்தான் பிரச்சினை தொடங்குகிறது. சதுப்பு நிலத்தையும் ஆற்றோரத்தையும் திருத்திப் பயிரிடுவதற்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது: ஆற்றின் வெள்ளப் பரப்புக்குள்ளும், அதற்கு வெளியே 10 மீட்டர் வரையிலும் எழுத்தில் அனுமதி வாங்காமல் உழக் கூடாது என்கின்றன 1983-ம் ஆண்டு வேளாண் வளப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள்.

பழைய உபயோகம்: நம்மவர்கள் தோற்கும் இடம்

நம் குடும்பங்களில் பெரும்பாலோர் நிற்பது மூன்றாவது வழியில். 1996 அக்டோபர் 1 முதல் 1998 செப்டம்பர் 30 வரையிலான இரண்டு ஆண்டுகளில் நீங்களோ, உங்களுக்கு முன் அந்த நிலத்தை வைத்திருந்தவரோ அப்போதைய சட்டப்படி தண்ணீர் எடுத்திருந்தால், உரிமம் இல்லாமலே அதே அளவைத் தொடரலாம். தாத்தா காலத்திலிருந்து எடுக்கிறோம் என்பது பதில் ஆகாது. அந்த இரண்டு ஆண்டுகள், அந்தக் காலத்தில் நனைந்த பரப்பு, எடுத்த அளவு, இவை மட்டும்தான் கணக்கு. 2003-ல் விரிவாக்கிய பாத்திகள் இதில் சேராது.

இதைச் சரிபார்க்கத் துறை அனுப்புவதுதான் தேசிய நீர்ச் சட்டத்தின் 35-வது பிரிவுக் கடிதம். இந்த நடைமுறையில் மூன்று கடிதங்கள் உண்டு. முதல் கடிதம் உங்களை விண்ணப்பிக்கச் சொல்லும்; அதில் ஒரு கடைசி நாள் இருக்கும். அந்த நாளுக்குள் விண்ணப்பிக்காவிட்டால் உங்கள் உரிமை காலாவதியாகலாம் என்று அதிலேயே எழுதியிருக்கும். இரண்டாவது கடிதம் கணக்கு பொருந்தவில்லை, கூடுதல் ஆதாரம் கொடு என்று வரும். மூன்றாவதுதான் இவ்வளவு நீர் சட்டபூர்வம் என்று உறுதி செய்வது. பிஸ்கட் டின்னில் வைத்துக் காக்க வேண்டியது அந்த மூன்றாவது கடிதத்தை. அது இல்லாதவர், எவ்வளவு பழைய குடும்பமாக இருந்தாலும், உரிமை உறுதி செய்யப்படாதவர்தான்.

முதல் கடிதம் எங்கே போகிறது? பல ஆண்டுகளுக்கு முன் பதிவு செய்தபோது கொடுத்த முகவரிக்கு. அந்தத் தபால் பெட்டி கைமாறியிருக்கும், பெயருக்குரியவர் இறந்திருப்பார். இதைப் பற்றிக் கேட்கப் போன ஓர் அலுவலகத்தில், "பெயர் மாறியதை நீங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும்" என்றார்கள். சொல்லப் போனால் எந்தப் படிவம் என்று தெரிந்துகொள்ள மூன்று முறை அலைய வேண்டியிருந்தது. முதல் முறை படிவம் தீர்ந்துவிட்டது. இரண்டாம் முறை வேறு மாடி. மூன்றாம் முறை பொறுப்பாளர் பயிற்சிக்குப் போயிருந்தார். எழுபது வயதுக்காரர் ஒருவர் வேனுக்குக் காசு கொடுத்து மூன்று முறை டர்பனுக்குப் போய் வருவது என்றால் என்ன என்பதை அந்த மேசைகளுக்குப் பின்னால் இருப்பவர்கள் ஒரு நாளாவது யோசிக்க வேண்டும்.

ஆகவே கடிதத்துக்குக் காத்திருக்காதீர்கள். சொத்து யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். இறந்தவர் பெயரிலேயே இருந்தால், இறந்தவர்களின் சொத்து விவகாரங்களைக் கவனிக்கும் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்தில் வாரிசுப் பொறுப்புக் கடிதம் வாங்குங்கள். இது இல்லாமல் எந்தத் துறையும் உங்களோடு பேசாது. தண்ணீர்ப் பதிவில் பெயரையும் முகவரியையும் மாற்றக் கோரி எழுதுங்கள். உரிமம் உள்ள நிலத்தை வாரிசாகப் பெற்றவர் அதைத் தொடரலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அங்கேயே இருக்கிறது. உங்கள் பெயரில் துறையிடம் என்ன பதிவாகியிருக்கிறது என்று தெரியாவிட்டால், தகவல் பெறும் சட்டத்தின் கீழ் கோப்பின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

ஆதாரம் சேர்ப்பது கடினமான வேலை. சரிபார்ப்பவர்கள் அந்த ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களையும் வான்படங்களையும் வைத்து எவ்வளவு பரப்பு பாசனம் பெற்றது என்று அளக்கிறார்கள். பிறகு நீர் ஆராய்ச்சி ஆணையத்தின் ஆதரவில் உருவான சப்வாட் என்ற கணினி நிரலில் பயிரையும் தட்பவெப்பத்தையும் கொடுத்து, அந்தப் பரப்புக்கு ஆண்டுக்கு எத்தனை கன மீட்டர் தேவை என்று கணக்கிடுகிறார்கள். பெரிய கரும்புத் தோட்டத்துக்கு இது பொருந்தும். அன்றைய லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி என்பது 30 மீட்டருக்கு 30 மீட்டர். நம் கொத்தமல்லிப் பாத்தியும் கீரைப் பாத்தியும் அதில் ஒரு புள்ளிகூட ஆகாது. பக்கத்து வாழையோடும் புதரோடும் கலந்து, பாசனமே இல்லாத நிலம் போலத் தெரியும். அதோடு ஒரே பாத்தியில் ஆண்டுக்கு மூன்று முறை பயிர் எடுப்பது நம் வழக்கம். விண்ணப்பத்தில் "காய்கறி" என்று ஒரு சொல் மட்டும் எழுதினால் ஒரு போகத்துக்கான நீரைத்தான் கணக்கில் எடுப்பார்கள். எந்த மாதம் எந்தப் பயிர் என்று மாதவாரியாக எழுதுங்கள்.

படத்தில் தெரியாததைத் தாளில் காட்ட வேண்டும். அந்த ஆண்டுகளின் எஸ்கோம் மின்கட்டண ரசீது, பம்பு வாங்கிய அல்லது பழுது பார்த்த பில், மொத்தச் சந்தையில் சரக்குப் போட்ட சீட்டு, ஆலைக்குக் கரும்பு போன கணக்கு, பின்னால் தோட்டம் தெரியும் கல்யாணப் போட்டோ எல்லாமே ஆதாரம்தான். ஒரு குடும்பத்துக்குக் கடைசியில் கைகொடுத்தது 1997-ம் ஆண்டுக் காவடியின்போது எடுத்த ஒரு போட்டோ; தோட்டத்துக் குழாய்கள் அதில் தெளிவாகத் தெரிந்தன. அண்டை வீட்டுக்காரரின் உறுதிமொழிப் பத்திரமும் உதவும். காவல் நிலையத்தில் அதற்குக் கட்டணம் இல்லை. யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அளவை எழுதும்போது

கன மீட்டர் கணக்கில் ஏற்படும் பிழை நம் ஆட்களுக்குப் பெரும் இழப்பைத் தந்திருக்கிறது. ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர். மணிக்கு 20,000 லிட்டர் இறைக்கும் பம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்த நாளில் யாரோ அதை 24 மணி நேரத்தாலும் 365 நாளாலும் பெருக்கி 1,75,200 கன மீட்டர் என்று எழுதிவிட்டார். உண்மையில் வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம்தான் ஓடுகிறது. அது 12,480 கன மீட்டர். கட்டணம் பதிவில் இருக்கும் அளவுக்கே வரும். பம்பு ஓடவில்லை, ஆற்றில் தண்ணீர் இல்லை என்பது பில்லுக்குத் தெரியாது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் பம்பையே இழந்தவர்களுக்கும் பில் தொடர்ந்து வந்தது. இறைப்பு நின்ற நாளிலேயே எழுத்தில் தெரிவியுங்கள், போட்டோ இணையுங்கள், பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். மீட்டர் பொருத்தி மாதம் ஒருமுறை அளவை நோட்டில் குறித்து வருவதைவிட வலுவான ஆதாரம் இல்லை. பயந்துபோய் ஒரேயடியாகக் குறைத்தும் எழுதாதீர்கள். ஒரு ஹெக்டேரில் 10 மில்லிமீட்டர் நீர் பாய்ச்ச 100 கன மீட்டர் வேண்டும். அந்தக் கணக்கை வைத்து, வறண்ட மாதங்களையும் சேர்த்து எழுதுங்கள்.

நிலம் வாங்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். தண்ணீர்க் கட்டண பாக்கி நிலத்தின் மீதே நிற்கும். முந்தைய உரிமையாளர் வைத்துவிட்டுப் போன கடனை உங்களிடம் வசூலிக்கலாம். வாங்குவதற்கு முன் பாக்கி எவ்வளவு என்று சான்று கேட்டுத் துறைக்கு எழுதுங்கள். 30 நாளுக்குள் அவர்கள் சான்று தர வேண்டும். தராவிட்டால் அந்தப் பாக்கியை நிலத்தின் மீது ஏற்ற முடியாது என்று 60-வது பிரிவு சொல்கிறது. அலுவலகத்தின் தாமதம் நமக்குச் சாதகமாக முடியும் அரிதான இடம் இது. ஆனால் நீங்கள் எழுதிய தேதிக்கு ஆதாரம் இருக்க வேண்டும்.

"தண்ணீர் உரிமை விற்பனைக்கு" என்று வரும் தரகரிடம் காசு கொடுக்காதீர்கள். 2023-ல் அரசியல் சாசன நீதிமன்றம் தண்ணீர் உபயோக உரிமையைத் தனியார் தங்களுக்குள் விலைக்கு விற்பதைச் சட்டம் அனுமதிக்கவில்லை என்று தீர்ப்பளித்துவிட்டது.

உரிமம் கேட்டு விண்ணப்பிப்பவர்களுக்கு: விண்ணப்பம் இணையத்தில்தான், கட்டணம் 115 ராண்டு. செலவு வைப்பது கட்டணம் அல்ல, ஆலோசகர். ஆற்றங்கரையைத் தொடும் வேலை இருந்தால் நிபுணர் அறிக்கை கேட்பார்கள். தொடாத வேலைக்கும் அதைச் சேர்த்துப் பணம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். 21-வது பிரிவில் உள்ள பதினொரு வகைகளில் உங்களுக்கு எது பொருந்தும் என்று துறையிடம் எழுத்தில் கேட்டுவிட்டு ஆலோசகரிடம் போங்கள். குத்தகைக்காரராக இருந்தால் நில உரிமையாளரின் ஒப்புதல் கடிதம் முதல் நாளே வேண்டும். வாய்மொழிக் குத்தகையோடு போனால் திருப்பி அனுப்புவார்கள். விண்ணப்பத்தின் மீது துறை முடிவெடுக்க 2017-ம் ஆண்டு விதிகள் 300 நாள் என்று கெடு வைத்தன. பிறகு 90 நாளில் முடிப்போம் என்று அரசு அறிவித்தது. நாள் எண்ணத் தொடங்குவது விண்ணப்பம் முழுமையானது என்று அவர்கள் ஏற்றுக்கொண்ட பிறகு. ஒரு தாள் குறைந்தாலும் நீங்கள் வரிசையிலேயே இல்லை.

விண்ணப்பத்தோடு ஒரு பக்கம் தனியாக எழுதி இணையுங்கள். உரிமம் கொடுக்கும்போது கடந்தகால இன, பாலினப் பாகுபாட்டுக்குப் பரிகாரம் தேடுவதையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது 27-வது பிரிவு. இது இந்திய வம்சாவளியினரான நமக்கும் பொருந்தும். நம் குடும்பங்கள் எந்த நிலத்திலிருந்து எப்போது வெளியேற்றப்பட்டன, இன்று எத்தனை பேர் இந்தத் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள், அதில் பெண்கள் எத்தனை பேர் என்று எழுதுங்கள். கேட்காததை அவர்களாகச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

மறுத்துவிட்டால் காரணத்தை எழுத்தில் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தண்ணீர்த் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் அவகாசம். அதனால் துறையின் பெயர் போட்ட எந்த உறை வந்தாலும், யார் பெயருக்கு வந்திருந்தாலும், அன்றே பிரித்து, வந்த தேதியை உறையின் மேலேயே பேனாவால் எழுதிவையுங்கள். அந்த ஆயாவின் வீட்டில் இப்போது பேத்திதான் தபாலைப் பிரிக்கிறாள். தாமதத்துக்கான விளக்கக் கடிதமும் மின்கட்டண ரசீதுகளும் போய்ச் சேர்ந்திருக்கின்றன. இன்னும் பதில் வரவில்லை.