மனச்சிதைவு உள்ளவரின் ஞாபகத்தைக் கஞ்சா என்ன செய்கிறது?

மனச்சிதைவு என்றதும் காதில் குரல் கேட்பதும், யாரோ பின்தொடர்வதாகப் பயப்படுவதும்தான் நினைவுக்கு வரும். குளிசையும் ஊசியும் பலரிடம் இவற்றை அடக்கிவிடும். வீட்டுக்காரரை நெடுநாள் வதைப்பது வேறொன்று. திருநெல்வேலிச் சந்தையில் நாலு சாமான் வாங்கிவரச் சொன்னால் இரண்டோடு திரும்புவார். கதைத்துக்கொண்டிருக்கும்போதே விட்ட இடம் மறந்துபோகும். ஞாபகம், கவனம், திட்டமிடல் எல்லாம் இந்த நோயில் தளர்கின்றன. மருந்துகளும் இவற்றை அவ்வளவாகச் சீராக்குவதில்லை.

யாழ்ப்பாணக் கரைகளில் கேரளக் கஞ்சாப் பொதிகள் பிடிபடுவதை அடிக்கடி பத்திரிகையில் வாசிக்கிறோம். ‘புகைத்தால் பெடியன் அமைதியாக இருக்கிறான், விட்டுவிடுவோம்’ என்று எண்ணும் பெற்றோருக்காகவே இதை எழுதுகிறேன்.

மூளை கஞ்சாவைப் போன்ற பொருட்களைத் தானே சிறிதளவு சுரக்கிறது. அவற்றில் ஒன்றான ஆனந்தமைட் 1992இல் கண்டறியப்பட்டது. ஒரு நரம்புக்கலத்துக்குச் செய்தி மிஞ்சி வரும்போது, அது இத்தகைய பொருளை வெளிவிட்டு, அனுப்பும் கலத்தைத் தணிக்கும். தேவையான இடத்தில், தேவையான நேரம் மட்டும். இப்பொருட்கள் வந்து ஒட்டுவதற்கென நரம்புக்கலங்களில் உள்ள இடங்கள்தான் ஏற்பிகள். கஞ்சாவில் உள்ள டி.எச்.சி. அதே ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு, இடம் பாராமல் மணிக்கணக்கில் தணிக்கிறது. புது ஞாபகங்களைப் பதியும் மூளைப்பகுதியான ஹிப்போகாம்பஸில் இந்த ஏற்பிகள் மிக நெருக்கமாக உள்ளன. நோய் தணிந்திருந்தவர்களுக்கு டி.எச்.சி.யை ஊசியாகக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்று 2005இல் வெளியானது. நோயில்லாதவர்களைவிட அவர்களின் ஞாபகமே கூடுதலாகத் தடுமாறியது.

ஆனால் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கஞ்சா பாவிக்கும் நோயாளிகள், பாவிக்காத நோயாளிகளைவிட மூளைத்திறன் சோதனைகளில் சற்று நன்றாகவே செய்திருந்தார்கள். அப்போ கஞ்சா மருந்தா? இல்லை. கஞ்சா வாங்க ஆள் பிடிக்க வேண்டும், காசு சேர்க்க வேண்டும், பிடிபடாமல் வீடு திரும்ப வேண்டும். அதற்கே ஓரளவு தெளிந்த மூளை தேவை. மிகவும் தளர்ந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் சேர்வதே குறைவு. ஆய்வாளர்கள் சொல்லும் இன்னொரு விளக்கம் என்னைக் கலங்கவைக்கிறது: கஞ்சா பாவிக்கும் நோயாளிகளில் சிலர் நல்ல மூளைத்திறனோடு வளர்ந்தவர்கள், கஞ்சாவைத் தொடாதிருந்தால் நோய்க்கே தப்பியிருக்கக்கூடியவர்கள்.

ஆகவே ஆளை ஆளோடு ஒப்பிடுவதைவிட, ஒரே ஆளை முன்னும் பின்னும் பார்ப்பதுதான் சரி. கனடாவில் அப்படிப் பார்த்தார்கள். கஞ்சாவுக்கு அடிமையான மனச்சிதைவு நோயாளிகள் 28 நாள் அதை விட்டிருந்தபோது, கேட்ட சொற்களை நினைவில் வைத்திருக்கும் திறன் மேம்பட்டது.

விட நினைப்பவர் கிளினிக்கில் சொல்லிவிட்டு விடுவது முக்கியம். புகைப்பவரின் உடல், மனச்சிதைவுக்குக் கொடுக்கும் குளோசாபின், ஓலன்சாபின் குளிசைகளை வேகமாகக் கழித்துவிடும். புகைப்பது திடீரென நின்றால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும், அப்போது மருத்துவர் குளிசையின் அளவைக் குறைக்க வேண்டி வரலாம்.