அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனும் குடவோலைக் கணக்கும்

மும்பை தாராவியிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார்: "என் மகனுக்கு அப்பெண்டிக்ஸ் எடுத்தாச்சு. புண்ணில் சீழ் வைக்குமா, வைக்காதா என்று கம்ப்யூட்டரே முன்கூட்டிச் சொல்லுமாமே, எப்படி?"

பழைய நோயாளிகளின் கேஸ் ஷீட்தான் அதற்குப் பாடப்புத்தகம். வயது, காய்ச்சல், வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை, குடல்வால் வெடித்திருந்ததா, லேப்ராஸ்கோப்பியா, வயிற்றைத் திறந்தா, அப்புறம் என்ன ஆயிற்று. இவற்றைப் படித்துவிட்டுப் புதியவருக்கு ஆபத்து எவ்வளவு என்று அது மதிப்பிடும். சரி, அது கற்றது உண்மையா, வெறும் மனப்பாடமா? படித்த கேள்வியையே தேர்விலும் கேட்டால் யாரும் நூறு வாங்கிவிடுவார்கள்.

இங்கேதான் புள்ளியியல் அறிஞர் லியோ பிரைமன் 2001-ல் எழுதிய 'ரேண்டம் ஃபாரஸ்ட்' முறை என்னை மயக்குகிறது. உத்திரமேரூர்க் குடவோலையை நினைத்துக்கொள்ளுங்கள். குடத்தில் 1000 நோயாளிகளின் ஓலைகள். ஒன்றை எடுத்துப் பெயரைக் குறித்துக்கொண்டு, மறுபடி குடத்திலேயே போட்டுக் குலுக்க வேண்டும். இப்படி 1000 முறை. சிலர் பெயர் மூன்று நான்கு தடவை வரும். ஏறக்குறைய 368 பேர் பெயர் ஒருமுறைகூட வராது. வந்தவர்களை வைத்து 'காய்ச்சல் உண்டா? வெடித்திருந்ததா?' என்று கிளை பிரியும் ஒரு மரத்தை வளர்க்கிறோம். அடுத்த மரத்துக்கு மறுபடி குலுக்கல். இப்படி நூற்றுக்கணக்கில் மரங்கள். தேர்வில் இந்த 1000 பேரில் ஒருவரைப் பற்றிக் கேட்கும்போது, அவரைப் பார்த்தே இராத மரங்கள் மட்டும் ஓட்டுப் போடும். தேர்வுக்கென்று தனியாக ஆள் தேட வேண்டியதில்லை, குலுக்கலே ஒதுக்கித் தந்துவிடுகிறது!

ஆனால் கேஸ் ஷீட்டே பொய் சொன்னால் எந்த மரமும் கண்டுபிடிக்காது. என் தம்பிக்கு இங்கே மும்பையில் ஆபரேஷன் நடந்தது. மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். ஓய்வெடுக்க நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் திருநெல்வேலிக்குப் போனான். ஒன்பதாம் நாள் தையலோரம் சிவந்து, அழுத்தினால் சீழ் வந்தது. அங்கேயே ஒரு டாக்டர் பிரித்துக் கட்டினார். மும்பைக் காகிதத்தில் இன்றும் அவன் 'நலம்'. ஆபரேஷன் புண்ணில் வரும் தொற்றை 30 நாள் வரை கண்காணிக்க வேண்டும் என்பது மருத்துவ வழக்கம். ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் பெரிய கம்ப்யூட்டர் வாங்குமுன், முப்பதாம் நாள் போன் போட்டு விசாரிக்க ஒரு நர்ஸுக்குச் சம்பளம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

அக்கா, மகனை ஊருக்கு அனுப்பினால் டிஸ்சார்ஜ் சீட்டையும் கொடுத்தனுப்புங்கள். காய்ச்சலோ, புண்ணில் சிவப்போ, கசிவோ கண்டால் அங்கேயே டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். அவர் எழுதித் தரும் சீட்டின் நகலை, ஆபரேஷன் செய்த மருத்துவமனையில் மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.