புறவளைவு, அகவளைவு: கோல்ஃபின் ஸ்லைஸும் ஹூக்கும்

கோல்ஃப் எனும் குழிப்பந்தாட்டத்தில், வலக்கை ஆட்டக்காரர் அடித்த பந்து பறக்கும்போது வலப்புறமாக வளைந்து விலகினால் அதை ஸ்லைஸ் என்றும், இடப்புறமாக வளைந்தால் ஹூக் என்றும் கூறுவர். இடக்கை ஆட்டக்காரருக்கு இத்திசைகள் மாறிவிடும். வேண்டுமென்றே சற்றே வளைத்து அடிப்பவை முறையே ஃபேட், டிரா எனப்படும்.

ஸ்லைஸ் என்பது, சிராய் அல்லது பிளந்த துண்டு என்று பொருள்பட்ட பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அரிதல் என்ற பொருள் பின்னர் ஏற்பட்டது. ஹூக் பழைய ஆங்கிலச் சொல், கொக்கியைக் குறிப்பது.

பந்து ஏன் வளைகிறது? அடிபட்ட பந்து, மட்டையின் முகம் சாய்ந்திருப்பதால் பின்னோக்கிச் சுழன்றபடி பறக்கிறது. சுழலும் பந்து காற்றைக் கீழ்நோக்கித் தள்ள, காற்று அதை மேலே தூக்குகிறது. எடின்பரோவில் பேராசிரியராக இருந்த பீட்டர் கத்ரி டெய்ட், இப்பின்சுழற்சியே பந்தை நெடுந்தொலைவு கொண்டுசெல்கிறது என்பதை 1890களில் கணக்கிட்டு விளக்கினார். (அவருடைய மகன் ஃபிரெடி டெய்ட் 1896, 1898 ஆண்டுகளில் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தை வென்றவர்.) சுழலும் பொருள்மீது காற்று செலுத்தும் இவ்விசை, 1852இல் அதை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் மேக்னஸின் பெயரால் வழங்குகிறது. வலக்கை ஆட்டக்காரரின் மட்டைமுகம், மட்டை வீசப்படும் பாதைக்கு வலப்புறமாகத் திறந்திருந்தால் சுழலச்சு வலப்பக்கம் சாய்கிறது. மேலே தூக்கும் விசையும் உடன் சாய்ந்து பந்தை அப்பக்கம் இழுக்கிறது. பக்கச்சுழற்சி என்று தனியாக ஒன்று இருப்பதாகப் பலர் பேசுவது சரியன்று. சுழற்சி ஒன்றே, அதன் அச்சுதான் சாய்கிறது.

தமிழில் என்ன சொல்வது? ‘வெட்டு’ என்றால் கிரிக்கெட்டின் கட் நினைவுக்கு வரும். ‘கொக்கி’ சொல்லுக்குச் சொல் பெயர்ப்பாகவே நிற்கும். ‘வலவளைவு, இடவளைவு’ என்பன எளியவையாகத் தோன்றினாலும், இடக்கை ஆட்டக்காரரிடம் பிழையாகிவிடும்; ஏனெனில் ஸ்லைஸ், ஹூக் என்ற சொற்கள் குறிப்பது நிலையான திசையை அன்று, ஆட்டக்காரரின் உடலைச் சார்ந்த திசையை. எனவே அவரிடமிருந்து வெளியே விலகுவதைப் புறவளைவு என்றும், அவர் நிற்கும் பக்கமாகத் திரும்புவதை அகவளைவு என்றும் வழங்குவதே பொருந்தும் என்பது என் கருத்து. ஃபேட், டிரா ஆகியவற்றை மென்புறவளைவு, மெல்லகவளைவு எனலாம். பின்னது நாவுக்குச் சற்றுக் கடினமே.

2012ஆம் ஆண்டு அகஸ்டா மாஸ்டர்ஸ் போட்டியில், வெற்றியாளரைத் தீர்மானிக்கும் கூடுதல் ஆட்டத்தின் இரண்டாம் குழியில், பபா வாட்சன் பைன் மரங்களுக்கிடையே நின்று வெட்ஜ் மட்டையால் அடித்த பந்து வலப்புறமாகப் பெரிதும் வளைந்து குழிக்களத்தில் விழுந்தது. முகச்சாய்வு மிகுந்த வெட்ஜில் பின்சுழற்சி ஓங்கியிருக்குமாதலால் பந்தை அவ்வளவு வளைப்பது அரிது. வாட்சன் இடக்கையர், ஆகவே வலப்புறம் சென்ற அந்த அடி ஹூக், அதாவது அகவளைவு.