பிள்ளைக்கு நோய், அம்மாவின் ரத்தத்தில் என்ன நடக்கிறது?

ஒரு வாசகி கேட்டிருந்தார்: அக்கா மகனுக்கு ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கிறது, இப்போது அக்காவும் அடிக்கடி காய்ச்சலில் படுத்துவிடுகிறாள், வீட்டில் "எல்லாம் மனசுதான்" என்கிறார்கள், அப்படியா? அக்காவை முதலில் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். அப்புறம், மனசில் தொடங்கும் அழுத்தம் ரத்தத்தில் அளந்து பார்க்கிற அளவுக்கு இறங்கும் என்பதை வீட்டில் சொல்லுங்கள்.

பயந்தால் மூளை உத்தரவிட்டு அட்ரினல் சுரப்பி கார்டிசால் விடும், பள்ளியில் படித்ததுதான். பலர் கவனிக்காத விஷயம், இந்தக் கார்டிசால் அழற்சியை, அதாவது கிருமியோ காயமோ வந்தால் உடம்பு காட்டும் வீக்கம், காய்ச்சல் போன்ற எதிர்ப்பை, அடக்கும் ஹார்மோன். கொழுப்பில் கரையும் என்பதால் செல்லின் சவ்வைத் தாண்டி நேரே உள்ளே போகும், அங்கே காத்திருக்கும் ஏற்பி என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கருவுக்குள் நுழைந்து, அழற்சிப் புரதங்களைத் தயாரிக்கும் மரபணுக்களின் வாயை அடைத்துவிடும்.

அப்படியென்றால் ஓயாத கவலையில் இருப்பவருக்கு அழற்சி குறையத்தானே வேண்டும்? 2002-இல் அமெரிக்க உளவியலாளர் கிரெகரி மில்லரின் குழு 50 பெற்றோரைச் சோதித்தது. பாதிப் பேரின் பிள்ளைகளுக்குப் புற்றுநோய், மீதிப் பேரின் பிள்ளைகள் நலம். அவர்களுடைய ரத்தத்தில் அழற்சி கிளம்பும்படி ஆய்வகத்தில் தூண்டிவிட்டு, கூடவே டெக்சாமெத்தசோனைச் சேர்த்தார்கள். கொரோனா காலத்தில் கேள்விப்பட்ட அதே மருந்து, கார்டிசாலின் செயற்கை உறவினர். மற்றவர்களின் ரத்தத்தில் அது இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிப் புரதத்தை நன்றாக அடக்கியது. புற்றுநோய்ப் பிள்ளைகளின் பெற்றோர் ரத்தத்திலோ அந்த அளவுக்கு அடக்க முடியவில்லை. உத்தரவு வருகிறது, செல்கள் சரியாகக் கேட்பதில்லை! ஆடி மாதம் முழுக்க அலறும் ஒலிபெருக்கி சில நாளில் காதில் விழாமல் போகிறதே, அதுபோல ஓயாமல் கார்டிசால் வந்தால் வெள்ளையணுக்கள் தங்கள் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்ளலாம் என்பது மில்லர் தரப்பின் விளக்கம். ஆனால் காலையில் உச்சத்தில் இருக்க வேண்டிய கார்டிசால் அவர்களுக்குக் குறைவாகவே இருந்தது, அதனால் அந்த விளக்கம் இன்னும் முடிவானதல்ல. இதில் என்னை உலுக்குவது, பிள்ளைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்துகளிலும் டெக்சாமெத்தசோன் உண்டு.

50 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, இதை வைத்து அக்காவின் காய்ச்சலுக்கு இதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஜாதகத்தை விரித்து "தாய்க்குத் தோஷம், அதான் பிள்ளைக்கு" என்கிறவர்கள் அந்த அழுத்தத்தின் மேல் இன்னொரு மூட்டையை ஏற்றுகிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தீர்வும் ஒன்றும் மாயமில்லை. பிள்ளைக்குப் புற்றுநோய் என்று புதிதாகத் தெரியவந்த 430 தாய்மார்களிடம் நடத்தி 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பிரச்சினைகளைப் பிரித்துப் பார்த்துச் சமாளிக்கச் சொல்லிக்கொடுக்கும் 8 ஒரு மணி நேர அமர்வுகள் மனச்சோர்வைக் குறைத்தன. பயிற்சி பெற்ற ஓர் ஆளும் ஓர் அறையும் போதும். புது மருந்துக்குக் கோடிகளைக் கொட்டும் ஆராய்ச்சி நிதியில், வார்டு வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருக்கிறவர்களுக்காக இதைத் தமிழில் செய்து பார்க்கவும் கொஞ்சம் ஒதுக்கலாம்.