கசக்கிய தாளில் ஓடும் ஆறு

ஒரு வெள்ளைத் தாளை நன்றாகக் கசக்கிவிட்டு, முழுக்கப் பிரிக்காமல் மேடும் பள்ளமுமாகத் தட்டில் வையுங்கள். மடிப்புகளின் உச்சியில் மட்டும் தண்ணீரில் கரையும் ஸ்கெட்ச் பேனாவால் குழந்தையைக் கோடு போடச் சொல்லுங்கள். மழை பெய்யவைக்கும் முன் ஒரு கேள்வி: "தண்ணீர் எங்கே போய்த் தேங்கும்?" விரலால் தொட்டுக் காட்டட்டும். அப்புறம் ஸ்பிரே பாட்டிலால் மெல்லத் தூவுங்கள்.

மை கரைந்து சரிவில் இறங்கும். வழியில் இரண்டு மூன்று ஓடைகள் கூடும், கடைசியில் ஒரு பள்ளத்தில் குளம் கட்டும். குழந்தை காட்டிய இடம் பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். நல்லதுதான், பாடமே அங்கேதான் தொடங்குகிறது. அந்தக் குளத்துக்குத் தண்ணீர் அனுப்பிய மொத்தச் சரிவும் அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி. இரண்டு சரிவுகளைப் பிரிக்கும் உச்சிக்கோடு, நீர்பிரி மேடு. மேட்டின் இந்தப் பக்கம் விழும் துளியும் அந்தப் பக்கம் விழும் துளியும் விரற்கடை தூரத்தில் விழுந்தாலும் வேறு வேறு ஊர் போய்ச் சேரும். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் 'ட்ரிபிள் டிவைட்' என்றொரு சிகரம் உண்டு. அதன் மூன்று சரிவுகளில் வழியும் நீர் பசிபிக், அட்லாண்டிக், ஹட்சன் விரிகுடா என்று மூன்று திசைக்குப் போகிறது. எல்லா ஆறும் பெருங்கடலைத் தொடும் என்றும் இல்லை. ரஷ்யாவின் வோல்கா ஆறு, வெளியேற வழியில்லாத காஸ்பியன் என்ற உள்நாட்டுக் கடலில் முடிந்துவிடுகிறது.

குளத்தில் மையின் நிறம் ஏறியிருப்பதைக் குழந்தையே கவனிக்கும். குளத்தில் யாரும் மை ஊற்றவில்லையே! வயலில் போட்ட உரம், சாலையில் சிந்திய எண்ணெய் எல்லாம் ஆற்றுக்கு வரும் வழி இதுதான். சரிவில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டை வைத்து மறுபடி தூவினால், காடும் நல்ல மண்ணும் செய்யும் வேலை தெரியும்: தண்ணீரைப் பிடித்துவைத்து மெதுவாக விடும். நிலத்தடி நீரைக் காட்டத் தாள் உதவாது, அதற்கு மணல் வேண்டும்.

நன்னீரின் அருமையை இதற்குப் பிறகு சொல்வதுதான் சரி என்பது என் எண்ணம். எடுத்த எடுப்பில் "தண்ணீரை வீணாக்காதே" என்றால் அது இன்னொரு அதட்டல், அவ்வளவுதான். ஒரு லிட்டர் பாட்டில்தான் உலகின் மொத்த நீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் நன்னீர் 25 மில்லி, அதாவது ஐந்து தேக்கரண்டி. கிட்டத்தட்ட மூன்றரைக் கரண்டி பனிப்பாறையாக உறைந்திருக்கிறது. ஒன்றரைக் கரண்டி நிலத்தடியில். நாம் கண்ணால் பார்க்கிற ஏரிகளும் ஆறுகளும் மொத்தமாக ஒரு சொட்டு!

"அந்தச் சொட்டு ஏன் இன்னும் தீரவில்லை?" என்று ஒரு குழந்தையாவது கேட்கும். ஆவியாகி மேலே போன நீர் சராசரியாக ஒன்பது, பத்து நாளில் மழையாகவோ பனியாகவோ இறங்கிவிடுகிறது. ஆனால் ஒரு குளத்துக்குக் கிடைப்பது அதன் சரிவில் விழும் பங்கு மட்டுமே. அந்தப் பங்கைக் கணக்கிடுவது சுலபம்: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 2,000 லிட்டர். அடுத்த மழையில் குடையோடு வெளியே போய், அந்த 2,000 லிட்டர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குழந்தையைப் பின்தொடரச் சொல்லுங்கள்.