மேயர்: பதவிச் சொல்லும் அதன் முன்னால் ஒட்டும் மதமும்

2025 நவம்பர் 5, புதன்கிழமை காலை. ஐப்பசிப் பௌர்ணமி. திருநெல்வேலியில், முஸ்லிம்கள் நிறைந்த மேலப்பாளையத்தில் ஒரு டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நியூயார்க்கில் அப்போது முந்தின நாள் இரவு. மேயர் தேர்தல் முடிவு வந்துகொண்டிருந்தது. கையில் செல்போனோடு ஒரு பையன் உள்ளே வந்து, "நம்ம ஆளு ஜெயிச்சிட்டாரு மாமா" என்றான். பெஞ்சில் இருந்த பெரியவர், சாரத்தை இழுத்துக் கட்டிக்கொண்டே கேட்டார்: "நம்ம ஆளுன்னா எப்படி? அந்த ஊருக்கு மேயரா, அங்க உள்ள நம்ம ஆளுகளுக்கு மட்டும் மேயரா?"

"ரெண்டும் ஒண்ணுதான மாமா."

"ஒண்ணு இல்ல மருமவனே."

அன்று சாயங்காலம் டவுனில், ரத வீதியில், நெடுநாள் பழகிய நண்பர் ஒருவர் அதே செய்தியை வருத்தத்தோடு சொன்னார்: "அமெரிக்காவுலயும் முஸ்லிம் மேயர் வந்தாச்சு. இனி அந்த ஊரு அவங்க கையிலதான்."

காலையில் மகிழ்ந்த பையனும் மாலையில் வருந்திய நண்பரும் நேரெதிர்ப் பக்கங்களில் நிற்கிறார்கள். ஆனால் "முஸ்லிம் மேயர்" என்ற தொடரை இருவரும் ஒரே மாதிரிதான் பிரித்துப் பொருள் கொண்டிருக்கிறார்கள். டீக்கடைப் பெரியவர் மட்டும் வேறு மாதிரிப் பிரித்தார். முப்பது வருடமாக அச்சகத்தில் புரூப் பார்க்கிறவன் நான். இந்தச் சொல்லையும் அதன் முன்னால் வந்து ஒட்டும் சொற்களையும் பற்றி எழுத வேண்டும் என்று அன்று ராத்திரிதான் தோன்றியது.

முதலில் சொல். மேயர் என்பதற்கு வேர் லத்தீனில் இருக்கிறது. "மாயோர்" என்றால் "இன்னும் பெரிய", "மற்றவரைவிடப் பெரியவர்" என்று பொருள். அது பழைய பிரெஞ்சில் "மேர்" ஆகி, ஆங்கிலத்துக்குப் போய் மேயர் ஆனது. ராணுவத்தில் சொல்கிற மேஜர், பதினெட்டு வயது நிரம்பியவரைச் சொல்லும் மேஜர், வாக்கு எண்ணும்போது சொல்கிற மெஜாரிட்டி எல்லாமே அதே வேரில் கிளைத்தவை. பெரும்பான்மையும் மேயரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நம் நாட்டுக்கு இந்தப் பதவி வந்தது சென்னை வழியாக. 1687 டிசம்பரில் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸ் தந்த பட்டயத்தின்படி 1688 செப்டம்பரில் மதராஸ் மாநகராட்சி தொடங்கியது. முதல் மேயர் நத்தேனியல் ஹிக்கின்சன். அந்தச் சபையில் யூத வணிகர்களும் போர்த்துகீசியரும் இந்து வணிகர்களும் ஆல்டர்மேன்களாக, அதாவது மூத்த உறுப்பினர்களாக, உட்கார்ந்தார்கள். மேயர் நாற்காலி மட்டும் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆங்கிலேய ஊழியருக்கு. இடையில் வழக்கொழிந்து கிடந்த மேயர் பட்டம் 1933இல் திரும்பவும் வந்தபோது அதை ஏற்றவர் குமாரராஜா முத்தையா செட்டியார். அதற்கடுத்த சில ஆண்டுகளிலேயே அப்துல் ஹமீத் கான் மேயராக இருந்தார். 1956இல் தாரா செரியன், கிறிஸ்தவர், சென்னையின் முதல் பெண் மேயர்.

நம் ஊருக்கு மேயர் வந்தது ரொம்பப் பிந்தித்தான். திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் 1866இலேயே நகராட்சி ஆனவை. அங்கெல்லாம் தலைவர் என்றால் சேர்மன். பழைய ஆட்கள் வாயில் இன்றும் சேர்மன்தான். இவ்விரண்டு நகராட்சிகளோடு மேலப்பாளையம் நகராட்சியையும் தச்சநல்லூரையும் சேர்த்து 1994இல் மாநகராட்சி ஆக்கினார்கள். கோயில் ஊர், சர்ச் ஊர், பள்ளிவாசல் ஊர் மூன்றும் ஒரே மாநகராட்சிக்குள் வந்தன. 55 வார்டு, நான்கு மண்டலம், ஒரே மேயர்.

இனி தொகைக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியம்.

தமிழில் இரண்டு சொல் சேர்ந்து நிற்கும்போது இடையில் உள்ள உருபு, அதாவது "ஐ", "கு" போன்ற ஒட்டு, மறைந்துவிடும். அதைத்தான் தொகை என்கிறோம். மறைந்ததை யார் எப்படி விரிக்கிறார்களோ அதற்கேற்பப் பொருள் மாறும். ஒரே தொகையை இரண்டு முதல் ஏழு விதம் வரை விரிக்க இடமுண்டு என்று நன்னூல் சொல்கிறது. "தெய்வ வணக்கம்" என்பதை "தெய்வத்தை வணங்குதல்" என்றும் விரிக்கலாம், "தெய்வத்துக்கு வணக்கம்" என்றும் விரிக்கலாம்.

நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். நெல்வேலி. நெல்லால் ஆன வேலியா, நெல்லுக்கு வேலியா? மழைவெள்ளத்தில் போக இருந்த, நைவேத்தியத்துக்குக் காயப்போட்ட நெல்லை இறைவன் வேலியிட்டுக் காத்தான் என்று தலபுராணம் சொல்கிறது. ஆகவே நெல்லுக்கு வேலி. "கு" உருபு வரும் நான்காம் வேற்றுமை. கதை தெரிந்தால்தான் உருபு தெரியும்.

"முஸ்லிம் மேயர்" என்பதும் இப்படித்தான். "முஸ்லிமாகிய மேயர்" என்று விரித்தால் அது பனைமரம் போல: பனையாகிய மரம். இருபெயரொட்டுப் பண்புத்தொகை. ஆளைப் பற்றிய ஒரு விவரம், அவ்வளவுதான். "முஸ்லிம்களுக்கு மேயர்" என்று விரித்தால் நான்காம் வேற்றுமைத்தொகை. பதவியே ஒரு கூட்டத்தாருக்கு உரியது என்றாகிவிடும். டீக்கடையில் பையனுக்கு மகிழ்ச்சி தந்தது இந்த இரண்டாவது விரிதான். ரத வீதி நண்பருக்கு அச்சம் தந்ததும் அதே விரிதான். பெரியவர் "ஒண்ணு இல்ல" என்றது இந்த உருபைத்தான். இலக்கணம் படிக்காமலே அவர் அதைப் பிடித்துவிட்டார்.

எது சரியான விரி? நெல்வேலிக்குப் பார்த்த மாதிரி இதற்கும் கதையைப் பார்க்க வேண்டும். நியூயார்க்கில் ஜெயித்த ஜோரான் மம்தானி 1991இல் உகாண்டாவின் கம்பாலாவில் பிறந்தவர். தந்தை மஹ்மூத் மம்தானி பேராசிரியர். தாய் மீரா நாயர் திரைப்பட இயக்குநர், இந்துக் குடும்பத்தவர். தேர்தலில் மம்தானி பேசியது வீட்டு வாடகை உயராமல் நிறுத்துவது, கட்டணமில்லாப் பேருந்து, குழந்தைகள் காப்பகம் பற்றி. 20 லட்சத்துக்கு மேல் வாக்குப் பதிவாகி, அதில் 10 லட்சத்துக்கு மேல் அவர் வாங்கினார். முஸ்லிம்கள் சிறுபான்மையாக உள்ள நகரத்தில் பாதிக்கு மேற்பட்ட வாக்கு ஒரு மதத்தாரிடமிருந்து மட்டும் வர வழியில்லை. யூதரும் கிறிஸ்தவரும் இந்துக்களும் எந்த மதமும் வேண்டாம் என்பவர்களும் போட்ட வாக்கு அது. ஆகவே "முஸ்லிமாகிய மேயர்" என்பதே பொருந்தும் விரி. "முஸ்லிம்களுக்கு மேயர்" என்பதற்கு அங்கே ஆதாரம் இல்லை.

ஆனாலும் தேர்தலுக்கு முன்பும் பின்பும் அவரைச் சுற்றி எழுந்த கூச்சல் முழுக்க அந்த இல்லாத உருபைச் சேர்த்துக்கொண்டுதான் எழுந்தது. அவருடைய குடியுரிமையையே பறிக்க வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் குடியரசுக் கட்சி உறுப்பினர் ஒருவர் எழுத்து மூலம் கேட்டார். நம் பக்கத்திலோ அதே ஆளை ஒருவர் "இந்திய வம்சாவளி மேயர்" என்று கொண்டாடினார், இன்னொருவர் அந்த வம்சாவளியை மறந்து மதத்தை மட்டும் எழுதினார். வாடகையைப் பற்றி என் காதில் ஒரு சொல்கூட விழவில்லை. மேலப்பாளையத்திலும் டவுனிலும் வாடகை வீட்டில் குடியிருக்கிறவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு அது தங்கள் பேச்சாக இருந்திருக்கும்.

லண்டனில் இது முன்பே நடந்ததுதான். 2016 மே மாதம் சாதிக் கான் 13 லட்சத்துக்கு மேல் வாக்கு வாங்கி மேயரானார். பாகிஸ்தானிலிருந்து வந்து பஸ் ஓட்டிய ஒருவரின் மகன். அவர் பதவியேற்பு விழாவை வைத்துக்கொண்ட இடம் சதர்க் தேவாலயம். 2021, 2024 என்று இன்னும் இரண்டு முறை அதே ஊர் அவரைத் தேர்ந்தெடுத்தது. மம்தானி 2026 ஜனவரி 1 பிறந்த உடனே, பழைய சுரங்க ரயில் நிலையம் ஒன்றில், குர்ஆன் மீது கைவைத்து உறுதிமொழி எடுத்தார். ஒருவர் தேவாலயத்தில், ஒருவர் வேதத்தின் மீது. உறுதிமொழியைக் கேட்டு நிற்கும் ஊர் மட்டும் எல்லாருடையதும்.

பெரும்பான்மை என்ற சொல்லை இப்போது எடுக்கிறேன். முப்பது வருடத்தில் "முஸ்லிம் மேயர்", "கிறிஸ்தவ வேட்பாளர்" எல்லாம் என் மேசைக்கு வந்திருக்கின்றன. "இந்து மேயர்" என்று எழுதிய ஒரு மேட்டர்கூட நம் ஊரில் எனக்கு வந்ததில்லை. எண்ணிக்கையில் கூடின கூட்டத்துக்கு முன்னொட்டு தேவைப்படுவதில்லை. அவர்களுக்கு வெறும் மேயர் போதும். மேயரும் மெஜாரிட்டியும் ஒரே வேர் என்று முன்னால் சொன்னேன். அந்த ரத்த சொந்தம் நம் பேச்சில் இப்படி வெளிப்படுகிறது.

மதம் பார்த்துச் சபைக்கு ஆள் எடுத்த காலமும் இந்தச் சீமைக்கு உண்டு. சங்கரன்கோவில் சாலையில் மானூர்ச் சிவன் கோயிலில், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டு இருக்கிறது. உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டுக்கும் முந்தியது. ஊர்ச் சபையில் உறுப்பினராக வேதப் பயிற்சி வேண்டும், தருமநூல் தெரிந்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும் என்கிறது. எதற்கெடுத்தாலும் "அன்று, அன்று" என்று மறுத்துச் சபையை முடக்குகிறவர்களுக்கு ஐந்து காசு தண்டம் என்றும் சொல்கிறது. அந்தத் தண்டம் எனக்கு ரொம்பப் பிடித்த விதி. ஆனால் அந்தணர் ஊரின் சபை அது. மற்றவர் யாரும் அதில் உட்கார முடியாது. சபையாருக்குக் கல்வெட்டுகள் தரும் பெயர் "பெருமக்கள்". லத்தீன் மாயோரும் நம் பெருமக்களும் ஒரே கருத்து: பெரியவர்கள்.

பின்னால் 1909இல் வெள்ளையர் ஆட்சி முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி கொடுத்தது. முஸ்லிம் வாக்காளர் தேர்ந்தெடுக்கும் முஸ்லிம் உறுப்பினர். அங்கே நான்காம் வேற்றுமை விரி சட்டப்படியே சரி. சுதந்திர இந்தியா அதை விலக்கியது. அரசமைப்பின் 325ஆம் பிரிவு, ஒரு தொகுதிக்கு ஒரே பொது வாக்காளர் பட்டியல், மதத்தைக் காட்டி யாரையும் விலக்கக் கூடாது என்கிறது. இன்று தமிழ்நாட்டில் மேயர் பதவி பெண்களுக்கும் பட்டியல் வகுப்பினருக்கும் ஒதுக்கப்படுகிறது. மதத்துக்கு ஒதுக்கீடு கிடையாது. எனவே நம் ஊரில் எந்த மதத்தவர் மேயர் ஆனாலும் சட்டம் ஒப்பும் விரி ஒன்றே.

சரி, மேயருக்குத் தமிழ் என்ன? சில மேடைகளில் "மாநகரத் தந்தை" என்பார்கள். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. திருநெல்வேலி மாநகராட்சியின் முதல் மேயர், 1996இல், உமா மகேஸ்வரி என்ற பெண்மணி. முதல் நாற்காலியிலேயே பொருந்தாமல் போன சொல் அது. 2022இல் தமிழகத்தின் 21 மாநகராட்சிகளில் 11 மேயர் இடங்கள் பெண்களுக்கு. மாநகரத் தாய் என்று மாற்றி எழுதுவதும் தீர்வாகாது. வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒருவரைப் பெற்றோராக்கினால் ஊர்மக்கள் பிள்ளைகள் ஆகிவிடுகிறார்கள். பிள்ளைகள் கணக்குக் கேட்க முடியாது. யாழ்ப்பாணத்தில் "மாநகர முதல்வர்" என்கிறார்கள். நல்ல சொல். ஆனால் இங்கே முதல்வர் என்றால் கோட்டையில் இருப்பவர், இல்லையென்றால் கல்லூரிப் பிரின்சிபால். "மாநகரத் தலைவர்" என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. தலைவர் என்பதில் ஆணும் அடங்கும், பெண்ணும் அடங்கும். எந்த மதமும் அதில் ஒட்டிக்கொண்டில்லை. பேச்சில் மேயர் என்றே இருக்கட்டும், ஊரே ஏற்றுக்கொண்ட சொல்.

மேயருக்கு முன்னால் போடும் அடைமொழியில்தான் உண்மையான சிக்கல். "வணக்கத்துக்குரிய மேயர்". ஆங்கிலத்தில் "வொர்ஷிப்ஃபுல்" என்றதை மாற்றியது. அந்த ஆங்கிலச் சொல்லின் பழைய பொருள் "மதிப்பு உடைய" என்பதுதான்; கடவுள் வழிபாட்டுக்கு அது சுருங்கியது பின்னால். மாற்றியவர்கள் பின்னால் வந்த பொருளைப் பிடித்துவிட்டார்கள். பாளையங்கோட்டைக் கத்தோலிக்கர் காதில் "வணக்கத்துக்குரியவர்" என்றால் புனிதர் பட்டத்துக்குப் போகும் வழியில் ஒரு படி: இறையடியார், வணக்கத்துக்குரியவர், அருளாளர், புனிதர். மேலப்பாளையத்துக் காதில் அது இன்னும் அழுத்தமாக விழும். இஸ்லாமிய நம்பிக்கையின் மூல வாசகமான கலிமாவின் தமிழே "வணக்கத்துக்குரிய நாயன் அல்லாஹ்வைத் தவிர வேறு யாருமில்லை" என்பதுதான். பாலர் வகுப்புப் பிள்ளையும் மனப்பாடமாகச் சொல்லும் வாசகம்.

சில வருடத்துக்கு முன் மேலப்பாளையத்திலிருந்து ஒரு பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழ் எங்கள் அச்சகத்துக்கு வந்தது. சிறப்பு விருந்தினர் மேயர். நான் வழக்கப்படி "வணக்கத்துக்குரிய மேயர்" என்று போட்டுப் புரூப் கொடுத்தேன். ஆண்டுவிழாக் குழுவிலிருந்து வந்தவர் தாளை மேசையில் விரித்து, அந்த ஒரு சொல்லின் கீழ் மட்டும் பென்சிலால் மெல்லக் கோடு போட்டார். "அண்ணாச்சி, மேயருக்கு மரியாதை குறையக் கூடாது. ஆனா இந்த வார்த்தை எங்களுக்கு ஒருத்தனுக்கு மட்டுந்தான். வேற ஏதும் போட முடியுமா?" என்றார். கேட்கத் தயங்கித் தயங்கிக் கேட்டார். தப்பு அவர் பக்கம் இருப்பது போல. எனக்குத்தான் நெஞ்சு உறுத்தியது. எத்தனை வருடமாக, எத்தனை பேர் வீட்டுக்கு அந்தச் சொல்லை அச்சடித்து அனுப்பியிருக்கிறேன்!

"மாண்புமிகு" என்று போடலாம், அதுவும் வழக்கத்தில் இருக்கிறது என்றேன். அவர் இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். பிறகு பேசியது முழுக்க விழாவில் மேயரிடம் கொடுக்கப்போகும் மனு பற்றி. பள்ளிக்குப் பின்னால் பாளையங்கால்வாயில் சாக்கடை கலக்கிறதாம், கொசு தாங்க முடியவில்லையாம். மனுவையும் நானே டைப் அடித்துக் கொடுத்தேன். அதில் "மாண்புமிகு மாநகரத் தலைவர் அவர்களுக்கு" என்று தொடங்கினேன். அவர் அதை மாற்றச் சொல்லவில்லை.