ரீபூட் – மறுதொடக்கம்: சொல் விளக்கம்

புகழ்பெற்ற திரைப்பட வரிசை ஒன்றில் அதுவரை வந்த பாகங்களின் கதைத்தொடர்ச்சியைக் கைவிட்டு, முதலிலிருந்து புதிதாகச் சொல்லத் தொடங்குவதை ‘ரீபூட்’ என்கிறார்கள். இச்சொல் திரைத்துறையில் பிறந்ததன்று. நீள்காலணியை இழுத்து மாட்டுவதற்காக அதன் மேல்விளிம்பில் தைக்கப்பட்டிருக்கும் வாருக்கு ஆங்கிலத்தில் பூட்ஸ்டிராப் என்று பெயர். தன் காலணி வாரைப் பிடித்துத் தன்னையே தூக்கிக்கொள்ளுதல் என்று நடவாத காரியத்தைச் சுட்டிய மரபுத்தொடரைக் கணினியாளர்கள் 1950-களில் எடுத்துக்கொண்டனர். சிறு நிரல் ஒன்று முதலில் நினைவகத்தில் ஏறி, அதுவே பெரிய நிரலை உள்ளே இழுத்துவரும் செயலுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. பின்னர் சொல் குறுகிப் ‘பூட்’ ஆயிற்று. ‘ரீ’ என்னும் முன்னொட்டும் சேர்ந்தது. (நம் பூட்டுக்கும் இதற்கும் உறவில்லை, அது அடைப்பது, இது திறப்பது.)

கணினியை ரீபூட் செய்யும்போது தற்காலிக நினைவகம் துடைக்கப்படுகிறது. வட்டில் பதிந்தவை அழிவதில்லை. திரைப்படத்துக்கு வந்த பிறகும் இந்தப் பொருள் மாறவில்லை. பழைய பாகங்களின் நிகழ்வுகள் நீங்கலாம், கதையின் கரு நீங்கக்கூடாது. தமிழில் இதற்கு மறுதொடக்கம், மீள்தொடக்கம் என இரண்டு சொற்கள் கலந்து வழங்குகின்றன. ‘மீள்’ என்பது திரும்புதலைக் குறிப்பது. மீள்குடியேற்றம் என்றால் விட்டுவந்த இடத்துக்கே திரும்புதல். ‘மறு’ என்பதோ ‘மீண்டும்’ என்ற பொருளோடு ‘வேறு’ என்ற பொருளையும் தாங்கி நிற்கிறது. மறுபிறவி என்னும்போது உயிர் அதுவே, உடல் வேறு, முன்நினைவும் இல்லை. ஆகவே நின்ற இடத்திலிருந்து தொடர்வதற்கு மீள்தொடக்கம் என்பதும், ரீபூட்டுக்கு மறுதொடக்கம் என்பதுமே தக்கவை என்பேன். ரீமேக் இதிலிருந்து வேறு. அது ஒரே படத்தைத் திரும்ப எடுக்கும் மறுஆக்கம்.

பியர் பூலின் 1963-ஆம் ஆண்டுப் பிரெஞ்சு நாவலைத் தழுவி, 1968-இல் ‘பிளானட் ஆஃப் த ஏப்ஸ்’ வந்தது. 1973-க்குள் அவ்வரிசையில் ஐந்து படங்கள் ஆயின. 2001-இல் டிம் பர்ட்டன் அதே தலைப்பில் எடுத்த பெருஞ்செலவுப் படம் வசூலில் தோற்கவில்லை, ரிக் பேக்கரின் குரங்கு ஒப்பனை வியக்கவும் வைத்தது. ஆயினும் அதற்குத் தொடர்ச்சி வரவில்லை. 2011-இல் வரிசை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. 1968-ஆம் ஆண்டுப் படத்தில், குரங்குகள் ஆளும், மனிதர் பேசாத கோளில் வந்திறங்கி, தொண்டையில் அடிபட்டுப் பேசமுடியாதிருந்த விண்வெளி வீரன் வலைக்குள் சிக்கிய நிலையில் முதன்முதலாக வாய்திறந்து, தன்மேலிருந்து கையை எடுக்கச் சொல்லிக் குரங்கைத் திட்ட, கூடியிருந்த குரங்குகள் திகைத்து நிற்கின்றன. 2011-இல் காப்பாளன் ஒருவன் மின்கோலை ஓங்க, சீசர் என்னும் சிம்பன்சி அவன் கையைப் பற்றிக்கொள்கிறது. அவன் அதே பழைய வசனத்தை எறிய, சீசர் ‘முடியாது’ என்னும் பொருளில் ஒரே ஒரு சொல்லைக் கத்துகிறது. இம்முறை திகைப்பவர்கள் மனிதர்கள். நடிகர் ஆண்டி செர்கிஸின் முகபாவங்களைப் பதிவுசெய்து உருவாக்கிய அந்தக் கணினி முகத்துக்கு ஆன செலவெல்லாம் அந்த ஒற்றைச் சொல்லில் வந்து சேர்கிறது.

இவ்விடத்தில் இன்னொரு சொல்லையும் பார்க்கவேண்டியுள்ளது. ‘பார்த்தல்’ என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது, கண்ணைக் கவரும் பெருங்காட்சியைக் குறிக்கும் ஸ்பெக்டக்கிள் என்னும் ஆங்கிலச் சொல். அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் துன்பியல் நாடகத்துக்கு ஆறு கூறுகளை வகுத்து, கதையமைப்பை முதலிலும் ‘ஒப்சிஸ்’ எனப்பட்ட காட்சிக்கூறைக் கலைத்தன்மை மிகக் குறைந்ததாகவும் வைத்தார். அது கவிஞனைவிட ஒப்பனைப் பொருள் செய்பவனின் கைத்திறனைச் சார்ந்தது என்றார். 1968-ஆம் ஆண்டுப் படத்தின் ஒப்பனைக்காக ஜான் சேம்பர்ஸுக்குச் சிறப்பு ஆஸ்கர் வழங்கப்பட்டதை அவர் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

ஸ்பெக்டக்கிளுக்கு நம் சுவரொட்டிகள் ‘பிரம்மாண்டம்’ என்கின்றன. பிரமனின் முட்டையாகிய பேரண்டத்தைக் குறித்த அச்சொல் அளவை மட்டுமே சொல்கிறது. பார்ப்பவருக்கும் பார்க்கப்படுவதற்கும் உள்ள உறவைச் சொல்வதில்லை. அந்த உறவுக்குத் தமிழில் முன்பே இரண்டு சொற்கள் உள்ளன. கதைக்குள் நின்று நம்மையும் உள்ளே இழுப்பது காட்சி. விலகி நின்று பார்க்கவைப்பது வேடிக்கை. வாணவேடிக்கைக்குக் கதை வேண்டியதில்லை. 1968-ஆம் ஆண்டுப் படத்தின் முடிவில் கடற்கரை மணலில் பாதி புதைந்த சுதந்திரதேவி சிலை தெரியும்போது, தான் நின்றிருப்பது பூமியே என்று நாயகன் அறிகிறான். அதுவரை பார்த்த ஒவ்வொன்றும் அந்த நொடியில் பொருள் மாறுகிறது. அது காட்சி. 2001-ஆம் ஆண்டுப் படத்தின் முடிவில் வாஷிங்டனில் லிங்கன் அமர்ந்திருக்கவேண்டிய இருக்கையில் தேட் என்னும் குரங்குத் தளபதியின் சிலை இருக்கிறது. வேறொரு கோளில் அடைபட்டுக் கிடந்தவன் அங்கே எப்படி வந்தான் என்பதற்குப் படத்தில் விடையில்லை. அதை வேடிக்கை என்றே சொல்லலாம்.